தீவாந்தரம் போகலாமா?

"நான் என்ன குற்றம் செய்தேன் என்று என்னைத் தீவாந்தரம் அனுப்பப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார் எங்கள் வீட்டுப் பாட்டி.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அந்தமான் என்ற பெயரைக் கேட்டதும் இன்றைய இளைஞர்களுக்கு நீலக் கடலும் வெண் மணலும் புதுமணத் தம்பதிகளின் உல்லாசப் பிரயாணமும் நினைவுக்கு வரலாம். மாயவரத்தில் காவேரிக் கரையில் எழுபத்தாறு வருஷம் வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு நினைவு வருவது வேறு. அவருடைய குழந்தைப் பிராயத்தில், சோறு உண்ண மறுக்கும் பிள்ளைகளைப் பூச்சாண்டி பிடித்துப் போவான் என்று பயமுறுத்துவார்கள். அதற்கும் அடங்காத பிள்ளைகளுக்கு அந்தமான்! தீவாந்தர சிட்சை சட்டப் புத்தகத்தை விட்டுப் போய் எழுபது வருஷமாகிறது. ஆனால் அந்தச் சொல் எங்கள் ஊர்த் திண்ணைகளை விட்டு இன்னும் போனபாடில்லை.

விஷயம் இதுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் யாரென்று இந்தக் கட்டுரை முடிவதற்குள் நேயர்கள் எப்படியும் கண்டுபிடித்து விடுவார்கள். அவருக்கு அந்தமான் தலைநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் அதிகம், வகுப்பில் பிள்ளைகளின் தொகை குறைவு. இவ்விரண்டும் ஒருங்கே வாய்ப்பது வாத்தியார் உலகில் அபூர்வம். வாத்தியாருக்குச் சபலம் தட்டியது. அவருடைய இல்லாள் உடனே சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பெண் என்னாவது? ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பையன் என்னாவது? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பாட்டி என்னாவது?" என்று மூன்று கேள்விகளை மட்டும் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னவர் பாட்டிதான். "பெண்ணைப் பாராமல் கல்யாணம் கூடாது, இடத்தைப் பாராமல் குடித்தனம் கூடாது. எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அதுவும் கப்பலில் போவோம். போகிற தூரம் எவ்வளவு என்று என் உடம்புக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

ஆகவே தை மாதத்தில் ஒரு நாள், ஐந்து பேரும் ஏழு பெட்டிகளுமாகச் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம்.

மூன்று நாள் கடல்

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடல் வழியாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று அதிகம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். முதல் நாள் முழுவதும் கரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இரண்டாம் நாள் பார்ப்பதற்குக் கரை இல்லை. அன்றைக்குத்தான் தீவு என்றால் என்னவென்று எங்களுக்குக் கொஞ்சம் விளங்கிற்று.

வாத்தியாருக்குச் சரித்திரம் பேசாமல் இருக்க முடியவில்லை. இராஜேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என்று ஓர் இடம் வருகிறதென்றும், அது நிக்கோபார்த் தீவுகளைக் குறிப்பதென்றும், இதே கடலைத்தான் சோழர் படை கடந்து சென்றதென்றும் மேல்தளத்தில் நின்று ஒரு பிரசங்கம் செய்தார். பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, "அவர் படையோடு போனார். திரும்பி வருகிறவருக்கு இடம் பார்க்கிற கவலை ஏது? நாம் பாத்திரம் பண்டத்தோடு போகப் போகிறோம்" என்றார். பிரசங்கம் அத்துடன் முடிந்தது.

கப்பலில் உல்லாசப் பிரயாணிகள் சொற்பம். தீவுக்குத் திரும்புகிறவர்களே அதிகம். அவர்களை அவர்களுடைய மூட்டைகளைக் கொண்டே அடையாளம் காணலாம். ஒருவர் இரண்டு மூட்டைச் சின்ன வெங்காயம் வைத்திருந்தார். இன்னொருவர் தையல் இயந்திரம் ஒன்றைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு தூங்கினார். இராமநாதபுரத்துக்காரர் ஒருவர், முப்பது வருஷமாகத் தீவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர், எங்களுக்குச் சிநேகிதமானார். நாங்கள் வீடு பார்க்கப் போகிறோம் என்று கேட்டதும் அவர் சிரித்தார்.

"சார், நீங்கள் தை மாசத்தில் வருகிறீர்கள். இப்போது பெண் அலங்காரத்தோடு இருப்பாள். சித்திரையில் வந்து குழாயைப் பாருங்கள். ஆனியில் வந்து கூரையைப் பாருங்கள். அதற்கப்புறமும் பிடித்திருந்தால் முன்பணம் கொடுங்கள்" என்றார்.

இதைப் பாட்டி தம்முடைய சுருக்குப் பையில் முடிந்துகொண்டார் என்றே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் அவர் கேட்ட முதற் கேள்வி ஒன்றுதான்: "சித்திரையில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும்?"

ஐந்தரை மணி இருட்டு

நாலாம் நாள் காலையில் கடல் நிறம் மாறிற்று. கருநீலம் பச்சையாயிற்று. பிறகு காடு மூடிய குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தலைநகரத்துக்குள்ளேயே இருக்கும் ஹாடோ துறையில் கப்பல் கட்டினார்கள்.

இந்த நகரத்தின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். 1789-ல் இங்கே முதற் குடியேற்றத்தை அமைத்த ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அதிகாரியின் பெயரால் இது போர்ட் பிளேர் என்று வழங்கி வந்தது. 2024 செப்டம்பரில் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. கடைத்தெருவில் பாதிப் பேர் இன்னமும் பழைய பெயரையே சொல்கிறார்கள். மாயவரத்தை நாங்கள் மயிலாடுதுறை என்று சொல்லப் பழகியதும் ஒரு நாளில் நடந்த காரியமா, என்ன?

முதல் நாள் மாலையிலேயே ஒரு திகைப்பு. கடிகாரத்தில் மணி ஐந்தரை; வெளியிலே நன்றாக இருட்டிவிட்டது! எங்கள் பையன் கடிகாரம் நின்றுவிட்டதென்று குலுக்கிப் பார்த்தான். வாத்தியாருக்கு இது நல்ல சந்தர்ப்பமாயிற்று. நம் தேசத்தின் கடிகாரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தமானோ ஏறக்குறைய 93 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிஷ வீதம், சூரியன் இங்கே நாற்பது நிமிஷம் முந்திக்கொள்கிறான். விளக்கம் சுலபந்தான். ஆனால் குடித்தனம் செய்கிறவர்களுக்கு அது கணக்கு மட்டுமல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாட வெளிச்சம் கொஞ்சந்தான் இருக்கும். விடியற்காலையில் வெயிலோ நாம் எழுந்திருக்கும் முன்பே வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். "அதுவும் நல்லதுதான். இந்த வீட்டில் சிலர் சீக்கிரம் எழுந்திருப்பார்கள்" என்று இல்லாள் பொதுவாகச் சொன்னார். யாரைச் சொன்னார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

அபர்டீன் கடைத்தெரு நகரத்தின் நடுநாயகம். நடுவில் மணிக்கூண்டு, நாலு பக்கமும் இறக்கமும் ஏற்றமுமான தெருக்கள். எல்லோருக்கும் பொது மொழி ஹிந்தி. ஆனால் அரை நாழிகை நின்றால் வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாம் காதில் விழும். காய்கறிக் கடையில் தமிழிலேயே பேரம் பேசலாம், பேரந்தான் படியவில்லை. அரிசியும் பருப்பும் வெங்காயமும் கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதமானால் விலை ஏறும். தேங்காயும் மீனும் இந்த ஊர்ச் சரக்கு. மின்சாரங்கூடப் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலிலிருந்துதான் பிறக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் கம்பி போட்டு இணைத்த பிறகு இண்டர்நெட் மட்டும் கப்பலை எதிர்பார்ப்பதில்லை. எங்கள் பெண்ணுக்கு இந்த ஒரு சமாசாரம் பரம திருப்தி அளித்தது.

நாலு வீடுகள்

முதல் வீடு கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகும் சாலையில். வாசலில் நின்றால் எதிரே கடல். இடையில் தென்னை மரங்களைத் தவிர ஒன்றுமில்லை. பெண்ணும் பையனும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியாரும் மனத்துக்குள் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டுவிட்டார். பாட்டி ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தார். கையோடு துரு வந்தது. உப்புக் காற்றினால் வருஷா வருஷம் வர்ணம் பூச வேண்டுமென்று வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். மளிகைக் கடை வெகு தூரம். "கடலை வைத்துக் குழம்பு வைக்க முடியாது" என்று பாட்டி சொல்லவும் முதல் வீடு முடிந்தது.

இரண்டாவது வீடு நகரத்துக்கு வெளியே, சிப்பிகாட் பக்கம். விசாலமான தோட்டம், வாடகை குறைவு. ஆனால் தோட்டத்துக்கு அப்பால் ஒரு நீர்ப்பரப்பு. அதில் பட்டுப்போன மரங்கள் வரிசையாக நின்றன. ஏரியா என்று கேட்டோம். வீட்டுக்காரர் உள்ளதை மறைக்காமல் சொன்னார். அது ஏரியல்ல, நெல் வயல். 2004 டிசம்பர் 26-ம் தேதிப் பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. சுனாமி வந்து போயிற்று. ஆனால் வயலுக்குள் நுழைந்த கடல் திரும்பிப் போகவில்லை. அதே சமயத்தில் வடக்கு அந்தமானில் தரை உயர்ந்து, பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தன. ஒரு தட்டின் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழும்புவது போல.

"வீடு மேட்டில் இருக்கிறது, இங்கே தண்ணீர் வரவில்லை" என்று அவர் சொன்னார். அதை நாங்கள் நம்பினோம். ஆனால் நெல்லுக்குப் பதிலாக வேலியேற்றம் பார்க்கும் அந்த மனிதரிடம் வாடகையைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. காவேரி வராமல் வயல் காய்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வந்து வயல் போனதை அன்றுதான் பார்த்தோம்.

மூன்றாவது யோசனை வாத்தியாருடையது. குடும்பம் ஷாகித் தீவில் இருப்பது, வாத்தியார் தலைநகரில் அறை எடுத்துக்கொண்டு வாராவாரம் படகில் போய் வருவது என்று ஒரு மனக்கோட்டை. நீல் தீவு என்று முன்பு வழங்கிய இதற்கும், ஹாவ்லக் தீவுக்கும் 2018 டிசம்பரில் ஷாகித், ஸ்வராஜ் என்று பெயர் சூட்டினார்கள். 1943-ல் நேதாஜி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு வைத்த பெயர்கள் இவை. ஷாகித் தீவு சமதரை. வங்காளத்துக் குடியானவர்கள் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பயிரிட்டுத் தலைநகருக்கு அனுப்புகிறார்கள். கடற்கரைகளுக்கு பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று பெயர். சைக்கிளை எடுத்தால் ஒரு காலைப் பொழுதில் தீவையே சுற்றிவிடலாம். பாட்டிக்குக்கூட முகம் மலர்ந்தது. "ராமாயணமே இங்கே குடியேறிவிட்டதே!" என்றார்.

மனக்கோட்டையை இடித்தவர் இல்லாள்தான். அவர் கடற்கரைக்குப் போகவில்லை. நேரே சுகாதார நிலையத்துக்குப் போனார். நடு இரவில் ஒரு முதியவருக்கு மார்வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அங்கிருந்த நர்ஸைக் கேட்டார். "முதல் சிகிச்சை இங்கே; அப்புறம் தலைநகரத்துக்குப் படகு அல்லது ஹெலிகாப்டர். வானிலை சரியாக இருக்க வேண்டும்" என்று அந்தப் பெண் பதில் சொன்னாள். திரும்பும் படகில் இல்லாள் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

நாலாவது வீடு நகரத்திலேயே, ஒரு மேட்டுத் தெருவில். கடல் தெரியாது, பக்கத்து வீட்டுத் தகரக் கூரை தெரியும். வெற்றிமலை முருகன் கோயில் நடக்கும் தூரம். கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோவில் சிறிது நேரம். மொட்டை மாடியில் இரண்டு கறுப்புத் தொட்டிகள். கூரைத் தகரத்திலிருந்து ஒரு குழாய் இறங்கி மழைத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்குக் கொண்டு வந்தது. பாட்டி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

வீட்டுக்காரியம்மாள் ஹிந்தியில் ஏதோ சொன்னாள். பக்கத்துப் பகுதியில் குடியிருந்த தமிழ்ப் பெண் அதை மொழிபெயர்த்தாள். "பாட்டி, சித்திரையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் வரும் என்கிறார். ஊருக்கெல்லாம் தனிக்காரி அணைதான் ஆதாரம். வைகாசியில் மழை பிடித்தால் மார்கழி வரைக்கும் கவலையில்லை. அந்த மூன்று மாசந்தான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிடிக்கப் பாத்திரம் இருக்கிறதா என்று கேட்கிறார்" என்றாள்.

வருஷத்தில் சுமார் மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், மூன்று மாதம் குடத்தை எண்ண வேண்டியிருக்கிறது. மழை பெய்கிறது, மலைச் சரிவில் ஓடிக் கடலில் கலந்துவிடுகிறது. குடம் ஏந்துகிறவர்களோ வருஷத்துக்கு வருஷம் அதிகமாகிறார்கள். நாங்கள் வந்தால் இன்னும் ஐந்து பேர். இந்தக் கணக்கு எங்களுக்கு அந்தத் திண்ணையில்தான் உறைத்தது.

முன்னால் வந்தவர்கள்

மறுநாள் செல்லுலார் ஜெயிலுக்குப் போனோம். அந்தமானுக்குப் போய் அந்த இடத்தைப் பாராமல் வருவது பாரத தேசத்தில் பிறந்தவர்களுக்கு அழகல்ல.

1858 மார்ச்சில் இருநூறு கைதிகளுடன் இங்கே தண்டனைக் குடியேற்றம் தொடங்கிற்று. அதற்கு முந்தின வருஷத்துப் பெரும் புரட்சியில் கலந்துகொண்டவர்களைக் கண்காணாமல் வைப்பதற்கு இந்தத் தீவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1896-ல் ஆரம்பித்து 1906-ல் கட்டி முடித்த இந்தச் சிறைக்கு, நடுவில் ஒரு கோபுரமும் சக்கரத்தின் ஆரங்களைப் போல் ஏழு சிறகுகளும் இருந்தன. ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும். அதாவது ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். 1933-லும் 1937-லும் இங்கே இருந்த தேசபக்தர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். முதல் உண்ணாவிரதத்தில் மூவர் உயிர் நீத்தார்கள். 1943 டிசம்பர் 30-ம் தேதி நேதாஜி இந்த நகரத்தில் சுதந்திரக் கொடி ஏற்றினார். ஆனால் அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, அப்போது தீவை ஆண்ட ஜப்பானியர் உளவாளிகள் என்று குற்றஞ்சாட்டி நாற்பத்து நாலு பேரை ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொன்றதையும் மறக்க முடியாது.

ஏழு சிறகுகளில் இப்போது எஞ்சியிருப்பவை மூன்று. ஜெயில் வளாகத்திலேயே 1963-ல் கோவிந்த வல்லப பந்த் பெயரால் ஆஸ்பத்திரி வைத்தார்கள். எங்கள் பாட்டிக்கு ஏதாவது வந்தால் கொண்டு போக வேண்டிய ஆஸ்பத்திரி அதுதான்.

ஓர் அறைக்குள் நுழைந்தோம். பதின்மூன்றரை அடி நீளம்; ஏழு அடி அகலம். ஒரு வாரமாக வீடு பார்த்துப் பழகிய பாட்டி, பழக்க தோஷத்தால் சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே எட்டாத உயரத்திலிருந்த ஜன்னலைப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த ஊருக்கு வந்தவர்கள் யாராவது முன்னாலே வந்து இடம் பார்த்துவிட்டு வந்தார்களா?" என்று கேட்டார்.

வாத்தியார் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். யோசிக்க யோசிக்க, பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. கைதிகள் விலங்கோடு வந்தார்கள். தண்டனை முடிந்து இங்கேயே குடும்பம் வைத்தவர்களின் சந்ததியார்தாம் இந்த ஊரின் பழங்குடிகள் போல் இருக்கிறார்கள். அந்த மேட்டுத் தெரு வீட்டுக்காரியம்மாளும் அவர்களில் ஒருத்தி. 1925-ல் பர்மாவிலிருந்து கரேன் மக்களைக் காட்டு வேலைக்குக் கொண்டு வந்து மாயாபந்தர் பக்கம் வைத்தார்கள். 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகளைக் குடியேற்றினார்கள். 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இவர்களில் எவரும் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு வரவில்லை. கொண்டு வந்து விட்டார்கள், இருந்தார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால், ஆயிரக்கணக்கான வருஷங்களாக இங்கே இருந்தவர்கள் வேறு. அவர்களை யாரும் கொண்டு வரவில்லை. மற்றவர்கள் வந்ததனால் அவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களோடு நோய்களும் வந்தன. பெரிய அந்தமானியர் என்ற இனத்தார் இப்போது ஐம்பது பேர் அளவில் இருக்கிறார்கள். ஜாரவா மக்களின் காட்டு வழியே செல்லும் நெடுஞ்சாலையில் வண்டிகள் காவலுடன் வரிசையாகத்தான் போகலாம். நிறுத்தவோ படம் பிடிக்கவோ கூடாது. அந்த வழியாகப் போகிறீர்களா என்று பலர் எங்களைக் கேட்டார்கள். நாங்கள் போகவில்லை. அழைப்பும் அலுவலும் இல்லாமல் ஒருவர் வீட்டு வாசலை எட்டிப் பார்ப்பது எங்கள் ஊரிலும் மரியாதையல்ல.

ஒரு பையனின் கேள்வி

கடைசியாகப் பள்ளிக்கூடம். பாடத்திட்டம் மத்திய வாரியத்தினுடையது. ஆகையால் எங்கள் பெண் எங்கே திரும்பினாலும் படிப்புக்குப் பங்கமில்லை. நகரத்தில் தமிழ் வழி வகுப்புகளும் உண்டு என்று அறிந்து இல்லாளுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

தலைமையாசிரியர் எங்களை எட்டாம் வகுப்புக்குள் அழைத்துச் சென்று, "புதிதாக வரப்போகும் ஆசிரியர்" என்று அறிமுகப்படுத்தினார். முப்பது பிள்ளைகள். வங்காளி, தமிழ், தெலுங்கு. ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள். கரேன் பெண் ஒருத்தி. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒன்று, விளையாட்டில் ஹிந்தி. இவர்களுக்குத் தேசப் படத்தில் தங்கள் ஊரைக் காட்டுவதற்குச் சுட்டு விரல் நுனிகூட அதிகம். அவ்வளவு சிறியது, அவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

ஏதாவது கேட்க வேண்டுமா என்று வாத்தியார் வினவினார். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் எழுந்தான்.

"சார், நீங்கள் எத்தனை வருஷம் இருப்பீர்கள்?"

தலைமையாசிரியர் அவனை அதட்டப் போனார். வாத்தியார் தடுத்து, ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றார்.

"சயன்ஸ் சார் எட்டு மாசம் இருந்தார். அதற்கு முன்னால் வந்தவர் ஒரு கோடைகூட இருக்கவில்லை. அதுதான் கேட்டேன், சார்."

பையன் குறையாகச் சொல்லவில்லை. கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிப்பவனைப் போல் சாதாரணமாகக் கேட்டான். இருபது வருஷமாக வகுப்பில் கேள்வி கேட்டே சம்பாதித்த வாத்தியார், "பார்க்கலாம், தம்பி" என்றார். பையன் புன்னகை செய்துவிட்டு உட்கார்ந்தான். முன்னால் வந்தவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று அந்தப் புன்னகையிலிருந்து தெரிந்தது.

நாங்கள் தீவைப் பரீட்சை செய்யப் போனதாக எண்ணிக்கொண்டிருந்தோம். தண்ணீருக்கு இவ்வளவு மதிப்பெண், வைத்தியத்துக்கு இவ்வளவு, காற்றுக்கு இவ்வளவு என்று போட்டுக்கொண்டே வந்தோம். எங்களையும் ஒருவன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை செய்துகொண்டிருந்தான் என்பது அதுவரையில் தெரியவில்லை.

அண்டா

அன்றிரவு விடுதியில் பையனின் கேள்வியைப் பாட்டியிடம் சொன்னோம். இல்லாள் தம்முடைய மூன்று கேள்விகளுக்கும் ஒருவாறு விடை கண்டிருந்தார்: மேட்டுத் தெரு வீடு, கிட்டத்தில் ஆஸ்பத்திரி, மத்திய வாரியப் படிப்பு. விடையில்லாமல் நின்றது அந்த நாலாவது கேள்விதான்.

பாட்டி கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "பெண் பன்னிரண்டாவது முடிக்க இன்னும் மூன்று வருஷம். பையன் எட்டாவது முடிக்கவும் அவ்வளவுதான். மூன்று கோடை. அதைச் சொல்லிவிட்டுப் போவதாயிருந்தால் போகலாம். 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போவதாயிருந்தால், இங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

"உங்களுக்கு, அம்மா?" என்று இல்லாள் கேட்டார்.

"எனக்கென்ன? தீவாந்தரம் என்றால் திரும்ப முடியாத இடம். இது அப்படித் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவருக்குப் பயம் தெளிந்துவிட்டதென்று நாங்கள் சொல்ல மாட்டோம். வெகு நேரம் அவர் புரண்டுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும்.

திரும்புகையில் விமானத்தில் வந்தோம். மூன்று நாள் கடல் இரண்டேகால் மணியில் தீர்ந்துவிட்டது. பாட்டி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கடைசித் தீவு மேகத்துக்குள் மறையும் வரையில் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மாயவரம் வந்து பெட்டிகளை இறக்கி, காப்பி குடித்து முடித்ததும், "பரணில் என் கல்யாணத்து அண்டா இருக்கிறதே, அதை இறக்கு" என்றார்.

அண்டாவை இறக்கினோம். நாற்பது வருஷத்துத் தூசி. பித்தளை, ஏழெட்டுக் குடம் பிடிக்கும். உள்ளே ஈயம் தேய்ந்து போயிருந்தது. இந்தக் காலத்தில் ஈயம் பூசுகிறவர் கிடைப்பது வீடு கிடைப்பதைவிடக் கஷ்டமாயிருக்கிறது. கும்பகோணத்தில் ஒருவரைத் தேடிப் பிடித்து அண்டாவைக் கொடுத்திருக்கிறோம். அடுத்த வாரம் வருமாம். வாத்தியார் அன்றைக்கே தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார். அதில், எட்டாம் வகுப்புக் கடைசிப் பெஞ்சுப் பையனிடம் மூன்று வருஷம் என்று சொல்லும்படி ஒரு வரி சேர்த்திருந்தார்.